காட்சி எண் இருநூற்றுப் பதினைந்து

அக்காவைப் பார்க்கப் போக வேண்டும் என்று லிப்ட் மெக்கானிக் நினைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை. அதை வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு. அதுவும் போயும் போயும் காட்சித் துறையின் மூன்றாம் எண் ஜன்னலில் போய்ச் சொன்னான்.

அந்தத் துறையின் முழுப்பெயர் வார இறுதி இயற்கைக் காட்சிச் சாலைப் பயணத் திட்டமிடல் மற்றும் நெறிப்படுத்தல் துறை. பெயர்ப்பலகை கட்டடத்தின் முன்பக்கத்தில் தொடங்கி, மூலையில் திரும்பி, பக்கத்துச் சந்துக்குள் போய் முடியும். முழுவதும் படிக்க ஆசைப்படுகிறவர்கள் நடந்துகொண்டேதான் படிக்க வேண்டும். நகரத்து ஜனங்களுக்கு அவ்வளவு அவகாசம் ஏது, காட்சித் துறை என்று சுருக்கிக்கொண்டார்கள்.

ஒரு காலத்தில் சனிக்கிழமை விடிந்தால் போதும், காரோ ஸ்கூட்டரோ எது இருக்கிறதோ அதில் ஏறி ஜனங்கள் இஷ்டத்துக்குக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். மரத்தைக் கண்டால் நிறுத்தினார்கள், தண்ணீரைக் கண்டால் காலை நனைத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முகம் கறுத்துத் திரும்பி வந்தார்கள். யாரையும் கேட்காமல் இப்படி நாலு பேர் சந்தோஷமாக இருந்தது அரசாங்கத்தின் கண்ணை உறுத்திற்று. ஒரு குழு போட்டார்கள். குழுவினர் நகர எல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரும்பி வந்தவர்களை மடக்கி, என்ன பார்த்தீர்கள், எந்தப் பக்கம் பார்த்தீர்கள், எத்தனை நிமிடம் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். நூற்றுக்கு அறுபத்தொரு பேருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மக்கள் இயற்கையை வீணடிக்கிறார்கள் என்று குழு நானூறு பக்கத்துக்குக் கண்ணீர் வடித்தது. அந்தக் கண்ணீரிலிருந்து பிறந்ததுதான் காட்சித் துறை.

துறை பிறந்த கையோடு மூன்று உத்தரவுகள் போட்டது. வார இறுதியில் நகரத்தை விட்டு வண்டியில் வெளியே போக, ஒப்புதல் பெற்ற பயணத் திட்டம் கையில் இருக்க வேண்டும். பஸ்கள் காட்சியை மறைப்பதால் அழகான சாலைகளில் பஸ் ஓடக்கூடாது. வாரத்தின் மற்ற ஐந்து நாளும் காட்சிகள் ஓய்வெடுக்க வேண்டியிருப்பதால் அந்தச் சாலைகள் மூடப்பட்டிருக்கும். ஓய்வெடுக்கும் மலையை யாராவது எட்டிப் பார்த்துவிடாதபடி காவலுக்கு ஆள் போட்டார்கள்.

அக்காவின் வீடு அப்படியொரு சாலையில் இருந்தது அவளுடைய போதாத காலம். நகரத்திலிருந்து இரண்டரை மணி நேரம். மெக்கானிக்குக்கும் அவளுக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, தையல் மிஷினை மிதித்து மிதித்தே அவனைத் தொழிற்பள்ளியில் படிக்க வைத்தவள். அவன் வேலைக்குப் போன பிறகுதான் தன் கல்யாணத்தைப் பற்றி யோசித்தாள். ஏரிக்கரை நீரேற்று நிலையத்தில் பம்ப் ஓட்டியவரைக் கட்டிக்கொண்டாள். இருவருமாகச் சேர்ந்து சாலையோரத்தில் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக வீடு கட்டினார்கள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் அங்கேயே இருந்து, கிட்டத்து ஊர் ஆஸ்பத்திரிக்குத் திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சாலையும் அழகான சாலைகளின் பட்டியலில் சேர்ந்து, பஸ் நின்று இரண்டு வருடம் ஆகிறது. அவளைப் பார்த்தும் இரண்டு வருடம். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பேசுவார்கள். எப்போது வருகிறாய் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. வருகிற சனிக்கிழமை உனக்கு என்ன வேலை என்று மட்டும் கேட்பாள். போன மாதம் குழாயடியில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கி, நாலு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாளாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போனை வைத்தபின் அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மைத்துனனின் பழைய காரை இரவல் கேட்டுவிட்டு, மறுநாளே காட்சித் துறையின் வாசலில் போய் நின்றான்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் நல்ல மனிதர். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் சிடுமூஞ்சியாக இருந்திருந்தால் படிவத்தைத் தூக்கி எறிந்திருப்பார், கதையும் அத்தோடு முடிந்திருக்கும்.

"பயணத்தோட நோக்கம்?" என்று கேட்டார்.

"எங்க அக்காவைப் பாக்கணும் சார்."

"அது காட்சி இல்லையே. உறவினர் பிரிவை மூடி ஒன்றரை வருஷமாச்சு. சாவு, கல்யாணம் ரெண்டுக்கு மட்டும் அஞ்சாம் நம்பர் ஜன்னல் இருக்கு. உங்க அக்கா உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்க சார்."

"கல்யாணம்?"

"ஆகி, அவரும் தவறிட்டாரு."

"அப்ப ரெண்டு வழியும் அடைஞ்சுபோச்சே," என்றார் எழுத்தர். உண்மையாகவே வருத்தப்பட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, அங்கே பார்க்கிற மாதிரி வேறு ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார். சமையலறைக் கதவைத் திறந்தால் ஏரி தெரியும் என்றான் மெக்கானிக். எழுத்தரின் முகம் மலர்ந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று செல்லமாகக் கடிந்துகொண்டு படிவம் ஒன்பதை நீட்டினார்.

படிவம் ஒன்பதில் பதினேழு கேள்விகள். எந்தத் திசையில் பார்ப்பீர்கள், எத்தனை நிமிடம் பார்ப்பீர்கள், பார்க்கும்போது என்ன உணர்வு ஏற்படும். உணர்வுக்கு மூன்று கட்டங்கள் போட்டிருந்தார்கள்: வியப்பு, அமைதி, நெகிழ்ச்சி. ஒன்றில்தான் குறியிடலாம். இரண்டு உணர்வு ஏற்படுகிறவர்கள் இரண்டு முறை விண்ணப்பிக்க வேண்டும். மெக்கானிக் நாளெல்லாம் லிப்ட் குழிக்குள் கிரீஸும் கம்பிக்கயிறுமாகக் கிடக்கிறவன். நாலு வரி சேர்ந்தாற்போல் எழுதிப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் ஏரியைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் பேனா தானாக ஓடியது. காலையில் தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருப்பது, வெயில் ஏற ஏற எதிர்க்கரை மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிவது, பின்வாசலில் உட்கார்ந்து அக்கா ஊசியில் நூல் கோக்கும்போது ஏரி வெளிச்சம் அவள் முகத்தில் ஆடுவது, எல்லாவற்றையும் எழுதினான். எவ்வளவு நேரம் என்ற இடத்தில் இரண்டு நாள் என்று போட்டான்.

எழுத்தர் படித்துவிட்டுப் பாராட்டினார். அக்கா வருகிற வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அடித்துத் திருத்தினால் செல்லாது என்பதால் புதுப் படிவம் கொடுத்தார். மெக்கானிக் எல்லாவற்றையும் மறுபடி எழுதினான், அக்கா இல்லாமல். வீடு என்று இருந்ததைக் கட்டடம் என்று மாற்றினான். பதினான்காவது கேள்வியில் கை நின்றுவிட்டது. காட்சியிடத்தில் எவரேனும் வசிக்கிறார்களா, ஆம் அல்லது இல்லை என்று கேட்டிருந்தது.

"ஆம்னு போட்டா யாருன்னு கேப்பாங்க. அக்கான்னு தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க," என்றார் எழுத்தர். "இல்லைன்னு போடுங்க தம்பி. யார் போய்ப் பாக்கப் போறாங்க? நாங்க யாரும் எங்கயும் போறதில்ல."

மெக்கானிக் இல்லை என்று எழுதினான்.

மூன்று வாரம் கழித்து ரசனைத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. பயணம் போகும் குடும்பத்துக்கு இயற்கையை ரசிக்கத் தகுதி உண்டா என்று பார்ப்பதற்கான தேர்வு. நூற்றுக்கு அறுபது வாங்க வேண்டும். கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே ஒரு காலண்டர் படத்தை மாட்டிவைத்து ஒரு வாரம் பயிற்சி செய்தார்கள். மனைவி தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவள், எதையும் ஒரு பார்வை பார்த்து உரிய இடத்தில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிற கை. ஒரே படத்தை ஆறு நிமிடம் பார்ப்பது அவளுக்குத் தண்டனையாக இருந்தது.

தேர்வுக்கூடத்தில் வெள்ளைத்திரையில் அருவி ஒன்றைக் காட்டினார்கள். மூன்று தேர்வாளர்கள் அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வந்தவர்களின் முகத்தையே பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். மெக்கானிக் பெருமூச்சு விட்டான். மிகை என்று இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள். என்ன தோன்றுகிறது என்று மனைவியைக் கேட்டார்கள். அவ்வளவு ஈரத்தில் துணி காயாது என்று அவளுக்குத் தோன்றியது, அதைச் சொன்னாள். அடுத்து ஒரு புல்வெளியைக் காட்டினார்கள். பக்கத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

"இத்தனை வருஷமா இந்தத் தேர்வுல யாரும் அதைக் கேட்டதில்ல," என்றார் நடுவில் இருந்தவர்.

"போனவங்க கேட்டிருப்பாங்க," என்றாள் அவள்.

கடைசியில் மலைப்பாதையைக் காட்டியபோது, காலை ஐந்து மணியிலிருந்து நின்றே இருந்த களைப்பில் அவளுக்குக் கொட்டாவி வந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தேர்வாளர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, நெகிழ்ச்சி என்று முழு மதிப்பெண் போட்டார்கள். குடும்பம் அறுபத்திரண்டு வாங்கித் தேறியது.

இனி அனுமதிதான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தபோது இயக்குநரிடமிருந்தே அழைப்பு வந்தது. இயக்குநர் ஆறாவது மாடியில் இருந்தார். லிப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்க ஏறிப் போனவனிடம் என்ன தொழில் என்று கேட்டார் இயக்குநர். சொன்னதும், அப்படியானால் முதலில் அதைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். இறங்கிப் போய், ஒரு மணி நேரம் குழிக்குள் நின்று, கதவுப் பூட்டின் தேய்ந்த சுவிட்சைச் சரிசெய்துவிட்டு, அதே லிப்டில் திரும்பி வந்தான் மெக்கானிக். மக்கள் பங்களிப்பு என்று அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார்கள்.

இயக்குநரின் அறை பெரியது. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, அதன்மேல் ஒரு மலையின் படத்தை மாட்டியிருந்தார்கள். படத்தை அவர் பிரியமாகப் பார்த்தார்.

"அந்த ஜன்னல்ல நிஜ மலையே தெரியும். ஆனா பாருங்க, பாதி நாள் பனி மூடிக்குது. கோப்புல பனி கிடையாது," என்றார். "பதினோரு வருஷமா நான் ஒரு சனிக்கிழமை கூட வெளியே போனதில்ல தம்பி. மக்கள் எங்க போகணும்னு யோசிக்கிறவன் போகக்கூடாது. போனா மனசுல ஒரு இடம் ஒட்டிக்கும். அப்புறம் எல்லா இடத்தையும் சமமாப் பாக்க முடியாது. எங்கயும் போகாததாலதான் என்னால இத்தனை இடத்துக்கு நேர்மையா மார்க் போட முடியுது."

மெக்கானிக் தலையாட்டினான். அவர் அவனுடைய படிவத்தை எடுத்தார். ஒப்புதல் பெற்ற காட்சிகள் இருநூற்றுப் பதினான்கு இருப்பதாகவும், இவன் எழுதிய ஏரி அதில் எதிலும் இல்லையென்றும் சொன்னார். அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இயக்குநர் சிரித்தார். குடிமகன் ஒருவன் தானாக ஒரு காட்சியைக் கண்டுபிடித்துத் துறைக்கு வழங்குவது இதுவே முதல் தடவையாம். அமைச்சருக்கே படித்துக் காட்டினாராம், சாம்பல் நிறத் தண்ணீர் என்ற இடத்தில் அமைச்சர் இன்னொரு முறை படிக்கச் சொன்னாராம்.

"ஒரே ஒரு சந்தேகம். ரோட்ல வண்டியை நிறுத்தினதும் ஏரி தெரியுமா?"

தன் ஏரியைப் பற்றி ஒருவர் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில் மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. "ரோட்ல இருந்து தெரியாதுங்க. முன்னாடி வீடு மறைக்கும். உள்ள போய்ப் பின்கதவைத் திறந்தாத்தான் ஒரேயடியா தெரியும். அதுதாங்க அழகே," என்றான்.

"வீடு?"

"கட்டடங்க."

"ஆக, கட்டடம் மறைக்குது," என்று இயக்குநர் தானே சொல்லிக்கொண்டு, நிதானமாக எழுதிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் அக்காவின் குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை. முக்காலி போட்டு ஏதோ கருவியை வைத்து நாலு பேர் வீட்டை அளந்தார்களாம். ஏரியைப் படம் எடுக்க வேண்டும், கொஞ்சம் நகருங்கள் என்று சமையலறையிலேயே அவளை ஓரம் கட்டினார்களாம். நான் இங்கே இருபத்தாறு வருடமாகக் குடியிருக்கிறேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். பதிவேட்டில் இங்கே யாரும் இல்லை என்று சொன்னார்களாம். அப்படியென்றால் நான் யார் என்று கேட்டிருக்கிறாள். அவர்கள் கூடிப் பேசி, வெளியே நின்று யாருக்கோ போன் செய்து, கடைசியில் அவளைப் பயணி என்று எழுதிக்கொண்டார்கள். இருபத்தாறு வருடமாக அனுமதியில்லாமல் தினமும் இயற்கைக் காட்சியைப் பார்த்த பயணி. விளக்கம் கேட்டுக் கையில் ஒரு தாளும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"யாரோ இந்த வீட்டைப் பத்தி எழுதிப் போட்டிருக்காங்கடா. என்மேல யாருக்கு என்ன கோபம்னுதான் தெரியல," என்றாள் அக்கா.

முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டாயா என்று கேட்டுவிட்டு அவன் போனை வைத்தான்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் மூன்றாம் எண் ஜன்னலுக்கு ஓடினான். எழுத்தர் அவனைக் கண்டதும் எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னார். பதினான்காவது கேள்வியில் இல்லை என்பதை ஆம் என்று மாற்ற வேண்டும் என்றான் மெக்கானிக். எழுத்தரின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் படிவம் இப்போது தன்னிடம் இல்லை, அது மேலே போய்விட்டது, மேலே போன தாள் கீழே வந்ததைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார். இருந்தாலும் லிப்ட் ஓடுகிறது, ஆறாவது மாடிக்குப் போய்ப் பாருங்கள் என்றார்.

இயக்குநர் உட்காரச் சொன்னார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க அக்கா இருக்காங்கங்கறதுல எனக்குத் தனிப்பட்ட முறையில ரொம்ப சந்தோஷம். ஆனா காட்சி எண் இருநூத்திப் பதினஞ்சு அரசிதழ்ல வந்தாச்சு. உங்க அக்கா எந்த அரசிதழ்ல வந்திருக்காங்க?"

"சார், நீங்க நேர்ல ஒரு தடவை வந்து பாருங்க. அவங்க அங்கதான் இருக்காங்க."

"எல்லாரும் இதையே சொல்றாங்க. நேர்ல வந்து பாருங்க, நேர்ல வந்து பாருங்கன்னு. நேர்ல பாத்து முடிவெடுக்கணும்னா இவ்வளவு பெரிய துறை எதுக்கு?" என்று அலுத்துக்கொண்டார் இயக்குநர். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "ஒரு வழி இருக்கு. படிவத்துல பொய் எழுதினேன்னு நீங்களே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுங்க. காட்சியை நிறுத்தி வெச்சுடலாம். ஆனா அமைச்சர் வரைக்கும் போன தாள். அரசாங்கத்தை ஏமாத்தினதா வழக்கு வரும். மூணு வருஷம் உள்ள இருக்க வேண்டியிருக்கலாம். அவசரம் ஒண்ணும் இல்ல, நல்லா யோசிச்சு எழுதுங்க."

பேனாவும் அவரே கொடுத்தார். மெக்கானிக் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மலையின் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வேலை போகும். வீட்டு வாடகைக்கு மனைவி ஒருத்தியாக என்ன செய்வாள். அளந்தவர்கள் அளந்துவிட்டுத்தானே போயிருக்கிறார்கள், இந்தத் துறையில் எது சீக்கிரம் நடந்திருக்கிறது. அனுமதி எப்படியும் வரப்போகிறது, நேரில் போய் அக்காவிடம் சொல்லி ஏதாவது செய்துகொள்ளலாம். இப்படி ஒவ்வொன்றாக யோசித்து, ஒவ்வொன்றும் நியாயமாகவே பட்டு, பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தான். சரியான முடிவு என்று இயக்குநர் அவன் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலை அவன் பிறகு வெகுநாள் மறக்கவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், எழுதிக் கொடுத்தீர்களா என்று. பெர்மிட் வந்ததும் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவள் அதற்குமேல் எதுவும் கேட்காமல் தட்டை எடுத்து வைத்தாள். கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

ஆனால் அந்தத் துறை முதல் தடவையாகச் சீக்கிரம் வேலை செய்தது. புதன்கிழமை அக்காவின் போன் மணியடித்துக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை அதுவும் அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுமதி வந்தது. தங்க நிற ஓரம் போட்ட அட்டை. கண்டுபிடிப்பாளர் என்ற முறையில் முதல் நாள், முதல் வண்டி. இரண்டு நாள் என்று அவன் கேட்டிருந்ததை நாற்பது நிமிடமாக்கியிருந்தார்கள்.

சனிக்கிழமை விடிவதற்குள் கிளம்பினார்கள். வழியெல்லாம் துறையின் பலகைகள் நின்றன. இடப்பக்கம் பார்க்கவும், வேகத்தைக் குறைத்து வியக்கவும், இங்கே ஒன்றும் இல்லை, நேராகப் பார்க்கவும். மனைவி எதையும் பார்க்கவில்லை. அண்ணிக்கு என்று வாங்கிய முழங்கால் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் எவ்வளவு தூரம் என்று மட்டும் இரண்டு முறை கேட்டாள்.

வளைவு திரும்பியதும் ஏரி தெரிந்தது. சாலையிலிருந்தே தெரிந்தது, ஒரு மறைப்பும் இல்லாமல், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை. அவன் இரண்டரை மணி நேரமாகப் பயந்துகொண்டிருந்ததும் அதற்குத்தான். காலை பிரேக்கில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

வீடு இருந்த இடத்தில் சிமென்ட் தளம் போட்டு, கம்பி வேலி கட்டி, நிற்க வேண்டிய இடங்களைச் சின்னச் சின்ன வட்டங்களாக வரைந்திருந்தார்கள். வட்டத்துக்கு ஒருவர். தளத்தின் ஓரத்தில் தண்ணீர்க் குழாய் ஒன்று ஒரு சாண் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு, வாயில் துணி அடைத்துக் கிடந்தது. அதை வைத்துத்தான் இது சமையலறை, இது தையல் மிஷின் இருந்த அறை என்று அவனால் கணக்குப் பார்க்க முடிந்தது. கண்காணிப்பாளர் ஒருவர் பதிவேட்டுடன் ஓடிவந்து, கண்டுபிடிப்பாளருக்கு என்று ஒதுக்கிய வட்டத்தில் அவனை நிறுத்தினார்.

"இங்க இருந்தவங்க எங்க?" என்று கேட்டான் மெக்கானிக்.

"இங்க யாரும் இருக்கலையே சார். வழிதப்பின பயணி ஒருத்தங்க மட்டும் இருந்தாங்க. மூணு நாள் முகாம்ல வெச்சிருந்து, உறவுக்காரங்க விலாசம் வாங்கி இன்னிக்குக் காலையில நகரத்துக்கு அனுப்பிட்டோம்," என்றார் அவர். "பாருங்க சார், நேரம் ஓடுது."

உடனே திரும்ப வேண்டும் என்றான். நாற்பது நிமிடம் முடியாமல் காட்சியை விட்டு வெளியேறினால் அது காட்சியை அவமதிப்பதாகும் என்று கண்காணிப்பாளர் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சொன்னார். வெளியே போகும் கதவு பூட்டியிருந்தது. ஆகவே நாற்பது நிமிடமும் அந்த வட்டத்துக்குள் நின்றான். மற்ற வண்டிகளும் வந்து சேர்ந்தன. ஒலிபெருக்கியில் அவன் எழுதியதை ஒரு பெண் குரல் படித்தது. வெயில் ஏற ஏற எதிர்க்கரை மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும் என்றது. தெரியவும் தெரிந்தன. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, நெகிழ்ச்சி என்ற கட்டத்தில் குறியிட்டுக்கொண்டு போனார்.

நேரம் முடிந்ததும் வண்டியைத் திருப்பி நகரத்துக்கு விரட்டினான். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. நாலு மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். பூட்டியிருந்த கதவுக்கு முன்னால், மேல்படியில், வீங்கிய காலை நீட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணிமூட்டை. தையல் மிஷினைக் கொண்டுவர விடவில்லையாம்.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு எப்படி அண்ணி இவ்வளவு ஏறி வந்தீங்க?" என்று மனைவி குனிந்து பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்து உட்கார்ந்துதான் என்றாள் அக்கா. இளைத்துப்போயிருந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்ததும், அவன் கேட்பதற்கு முன்பே தனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னாள்.

"படிவத்தைக் காட்டினாங்க. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா. எவ்வளவு நல்லா எழுதியிருக்கே," என்றாள்.

படியிலேயே அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். உன்னைப் பார்க்க வருவதற்காகத்தான் அப்படி எழுதினேன் என்று சொல்ல நினைத்தான். வெள்ளைத்தாளைப் பற்றியும் பேனாவைப் பற்றியும் சொல்ல நினைத்தான். வாயிலிருந்து வந்தது வேறு.

"நீ அங்கதான் குடியிருக்கேன்னு அடிச்சுச் சொல்லியிருக்க வேண்டியதுதானேக்கா. ஏன் விட்டே?"

"சொல்லிட்டுத்தான்டா இருந்தேன்," என்றாள் அக்கா. "கடைசி நாள் பெரிய அதிகாரி ஒருத்தர் போன்ல பேசினாரு. நான் அங்க இருக்கறது நிஜம்னா நீ எழுதினது பொய்யாயிடுமாம். உன்னை மூணு வருஷம் உள்ள வெச்சுடுவாங்களாம். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் குடுத்தாங்க. இந்த வீட்டுல யாரும் இல்லைன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு நிமிஷ வேலை."